இரத்தம் பாயாத திசு: குருத்தெலும்பை ஏன் காக்க வேண்டும்?

பாசார் மாலாமில் வாழை இலையில் வைத்துச் சுட்ட திருக்கை மீனைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? சம்பலோடு சதையை எடுத்துச் சாப்பிட்ட பிறகு, வரிவரியாக ஒரு வெள்ளைச் சட்டகம் மிஞ்சும். மற்ற மீன்களின் முள்ளைப் போல அது தொண்டையில் குத்துவதில்லை. பல்லில் வைத்துக் கடித்தால் ‘நறுக்’கென்று உடையும். அதை மென்று விழுங்குகிறவர்களும் உண்டு.

காரணம் எளிது. அது எலும்பு அல்ல, குருத்தெலும்பு. திருக்கைக்கும் அதன் உறவினமான சுறாவுக்கும் உடலின் சட்டகம் முழுவதும் குருத்தெலும்பால் ஆனது. மலாய்மொழிப் பாடநூலில் இதையே ‘ராவான்’ என்று படிக்கிறீர்கள்.

மாணவர்களே, நாமும் ஒரு காலத்தில் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தோம். தாயின் கருவில் கை, கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே உருவாகின்றன. பிறகு சிறிது சிறிதாக அந்த இடத்தைக் கெட்டியான எலும்பு பிடித்துக்கொள்கிறது. பிறக்கும்போது ஏறத்தாழ 300 துண்டுகளாக இருக்கும் எலும்புகள், ஒன்றோடொன்று இணைந்து, வளர்ந்தவர் உடலில் 206 ஆகின்றன. ஆனால், சில இடங்களில் மட்டும் குருத்தெலும்பு கடைசிவரை குருத்தெலும்பாகவே நிலைத்துவிடுகிறது. மூக்கு நுனி, காது மடல், மூச்சுக்குழாய், விலா எலும்பின் முனை, முதுகுத்தண்டு, முழங்கால் ஆகியவை அத்தகைய இடங்கள்.

இவை எல்லாவற்றிலும் இருப்பது ஒரே வகைக் குருத்தெலும்பா? இல்லை. மூன்று வகைகள் உண்டு. தேர்வுக்காக மூன்று பெயர்களையும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் முழங்காலில் அடிபட்ட ஒருவருக்கு, அந்த மூன்றில் எது அங்கே இருக்க வேண்டும் என்பது பெரிய கேள்வி.

எதனால் ஆனது?

குருத்தெலும்பில் செல்கள் மிகக் குறைவு. சின்னஞ்சிறு குழிகளுக்குள் ஒன்றாகவோ இரண்டு மூன்றாகவோ அவை அமர்ந்திருக்கும். செல்களைச் சுற்றியுள்ள பொருளை அந்தச் செல்களே சுரந்து உருவாக்குகின்றன. அதில் மூன்று முக்கியப் பொருள்கள் உள்ளன.

முதலாவது, கொலாஜன் என்னும் புரத நார். கட்டடத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைப் போல, இழுத்தாலும் அறுந்துபோகாத வலிமையை இது தருகிறது. இரண்டாவது, புரோட்டியோகிளைக்கன் என்னும் சர்க்கரையும் புரதமும் சேர்ந்த பெரிய மூலக்கூறு. இது தண்ணீரை ஈர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். மூன்றாவது, அந்தத் தண்ணீர். மூட்டுக் குருத்தெலும்பின் எடையில் 65 முதல் 80 விழுக்காடு வரை தண்ணீர்தான்.

இந்தப் பட்டியலில் இரத்தக் குழாய் இல்லை என்பதைக் கவனியுங்கள். நரம்பும் இல்லை. தோலிலும் தசையிலும் எலும்பிலும் இரத்தம் பாய்கிறது, குருத்தெலும்பில் பாய்வதில்லை. அப்படியானால் அதன் செல்களுக்கு உணவும் உயிர்வளியும் எப்படிக் கிடைக்கின்றன? அருகிலுள்ள திசுவிலிருந்தோ மூட்டுத் திரவத்திலிருந்தோ மெல்லப் பரவி வந்து சேர்கின்றன. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். குருத்தெலும்பின் சிறப்புக்கும் துன்பத்துக்கும் இதுவே காரணம்.

முதல் வகை: கண்ணாடிக் குருத்தெலும்பு

இதன் பெயர் ஹயலின் குருத்தெலும்பு. ‘ஹயலோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் கண்ணாடி. நீலம் கலந்த வெண்மையாக, பளபளப்பாக இருப்பதால் இந்தப் பெயர். வீட்டில் கோழிக்கால் சாப்பிடும்போது எலும்பின் முனையில் தொப்பி போட்டதுபோல் வழுவழுப்பாக ஒன்று ஒட்டியிருக்குமே, அது இதுதான்.

உடலில் மிக அதிகமாக இருப்பது இவ்வகை. மூக்கின் முன்பகுதியைத் தாங்குகிறது. விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைக்கிறது. அது வளைந்து கொடுப்பதால்தான் நாம் மூச்சை இழுக்கும்போது மார்புக்கூடு விரிகிறது. மூச்சுக்குழாயைச் சுற்றி 16 முதல் 20 வளையங்களாக நின்று, குழாய் அமுங்கிவிடாமல் காக்கிறது. அந்த வளையங்கள் முழு வட்டமாக இருப்பதில்லை, பின்பக்கம் திறந்திருக்கும். பின்னால் இருக்கும் உணவுக்குழாயில் ஒரு பெரிய கவளம் இறங்கும்போது விரிய இடம் வேண்டும் அல்லவா?

பருவ வயதில் ஆண் பிள்ளைகளின் தொண்டையில் ஒரு மேடு தெரியத் தொடங்கும். குரலும் உடையும். குரல்வளையின் முன்பக்கம் உள்ள கண்ணாடிக் குருத்தெலும்பு அந்த வயதில் பெரிதாக வளர்வதே அந்த மேடு.

உங்கள் வயதில் இன்னோர் இடத்திலும் இவ்வகை மும்முரமாக வேலை செய்கிறது. கை, கால்களின் நீண்ட எலும்புகளின் முனைக்கு அருகே ‘வளர்ச்சித் தட்டு’ என்ற மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு உள்ளது. அதில் செல்கள் பெருகப் பெருக எலும்பு நீள்கிறது, நாம் உயரமாகிறோம். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 14 முதல் 16 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 16 முதல் 18 வயதிலும் இந்தத் தட்டு எலும்பாகி மூடிக்கொள்ளும். அதன் பிறகு உயரம் கூடாது.

கடைசியாக, மூட்டு. முழங்காலில் இரண்டு எலும்புகள் சந்திக்கும் பரப்பைச் சில மில்லிமீட்டர் தடிமனில் கண்ணாடிக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிட, நலமான மூட்டில் உராய்வு குறைவு. நடக்கும்போது நம் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை முழங்காலில் இறங்குகிறது. அந்தச் சில மில்லிமீட்டர் அடுக்கு அதைத் தாங்கி, பரப்பி, எலும்புக்கு அனுப்புகிறது.

இரண்டாம் வகை: மீள் குருத்தெலும்பு

காது மடலின் மேல்பகுதியை மடக்கி விட்டுப் பாருங்கள். உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். கொலாஜனோடு எலாஸ்டின் என்ற மீள்தன்மையுள்ள நாரும் இதில் நிறைய இருப்பதே காரணம்.

குரல்வளை மூடியும் இவ்வகைதான். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் அது மடங்கி மூச்சுப்பாதையை மூடுகிறது; பிறகு நிமிர்ந்துகொள்கிறது. காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயின் சுவரிலும் இவ்வகை உண்டு. கெந்திங் மலைக்குக் காரில் ஏறும்போது காது அடைத்துக்கொண்டால், எச்சிலை விழுங்கியதும் ‘டப்’ என்று திறக்கிறதே, அப்போது திறப்பது அந்தக் குழாய்தான்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் குழந்தைக்குக் காது குத்தும்போது எங்கே குத்துகிறார்கள்? கீழே தொங்கும் சதையான மடலில். அங்கே குருத்தெலும்பு இல்லை. தோலும் கொழுப்பும் மட்டுமே. இரத்தம் நன்றாக ஓடுவதால் புண் சில வாரங்களில் ஆறிவிடுகிறது.

இப்போது பலர் காதின் மேல்பகுதியில் குத்திக்கொள்கிறார்கள். அங்கே ஊசி துளைப்பது குருத்தெலும்பை. அந்தப் புண் ஆறப் பல மாதங்கள் ஆகும். கிருமி தொற்றினால், எதிர்த்துப் போராடும் வெள்ளணுக்களைக் கொண்டுவரக் குருத்தெலும்புக்குள் இரத்தம் இல்லை. சீழ் கட்டி, குருத்தெலும்பை மூடியிருக்கும் உறை பிரிந்தால், அதற்குக் கிடைத்துவந்த உணவும் நின்றுபோகும். அந்தப் பகுதி அழிந்து காது சுருங்கிவிடலாம். ரக்பி, மல்யுத்த வீரர்கள் சிலரின் காது கோபிப்பூபோலத் தடித்துச் சுருண்டிருப்பதும் இதே காரணத்தால்தான். அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டி, உறையைப் பிரித்துவிடுகிறது. மேல்காது சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் வீட்டில் மறைத்து வைக்காமல் அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

மூன்றாம் வகை: நார்க் குருத்தெலும்பு

மூன்றில் மிக முரடானது இது. தடித்த கொலாஜன் நார்கள் கற்றை கற்றையாக அடுக்கியிருக்கும். வழுவழுப்பு இல்லை, ஆனால் அழுத்தத்தையும் இழுப்பையும் நன்றாகத் தாங்கும்.

முதுகெலும்புகளுக்கு நடுவே 23 இடைத்தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தட்டின் வெளிவளையமும் நார்க் குருத்தெலும்பு. உள்ளே கூழ்போன்ற நடுப்பகுதி இருக்கும். பகல் முழுவதும் நிற்கும்போதும் நடக்கும்போதும் நம் எடை அழுத்துவதால், தட்டுகளிலிருந்து சிறிது தண்ணீர் வெளியேறுகிறது. இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் ஊறுகிறது. இதை நீங்களே சோதிக்கலாம். காலையில் எழுந்தவுடன் சுவரோடு நின்று உயரத்தை அளந்து கோடு போடுங்கள். அன்று இரவு படுக்கும் முன் மறுபடியும் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் குறைந்திருக்கும்.

முழங்காலுக்குள்ளும் நார்க் குருத்தெலும்பு உண்டு. மெனிஸ்கஸ் எனப்படும் பிறை வடிவத் துண்டுகள் ஒவ்வொரு முழங்காலிலும் இரண்டு இருக்கின்றன. தொடை எலும்பின் உருண்டையான முனை, தட்டையான கீழ்க்கால் எலும்பின் மேல் சரியாக அமர இவை உதவுகின்றன. காற்பந்து விளையாடும்போது பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடல் மட்டும் சட்டென்று திரும்பினால் மெனிஸ்கஸ் கிழியலாம். அதன் வெளி விளிம்புக்கு மட்டும் இரத்த ஓட்டம் உண்டு. அங்கே ஏற்பட்ட கிழிசல் ஆறக்கூடும். உள்பகுதியில் கிழிந்தால் தானாக ஆறுவது அரிது.

ஏன் ஆறுவதில்லை?

கையில் கத்தி பட்டால் என்ன நடக்கிறது? இரத்தம் வருகிறது, உறைகிறது. அந்த இரத்தக் கட்டிக்குள் பழுது பார்க்கும் செல்கள் வந்து சேர்ந்து, புதிய திசுவைக் கட்டுகின்றன. மூட்டுக் குருத்தெலும்பில் கீறல் விழுந்தால் இரத்தமே வராது. ஆகவே பழுது பார்க்கும் வேலையும் தொடங்காது. அங்கேயே இருக்கும் சில செல்களோ குழிகளுக்குள் அடைபட்டிருப்பதால் காயத்தை நோக்கி நகர முடியாது. நரம்பும் இல்லாததால் தொடக்கத்தில் வலிகூடத் தெரியாமல் போகலாம்.

இது இன்று தெரிந்த செய்தி அல்ல. ஸ்காட்லாந்தில் பிறந்த உடற்கூறியல் அறிஞர் வில்லியம் ஹண்டர், 1743இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் மூட்டுக் குருத்தெலும்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருமுறை அழிந்தால் அது மீண்டு வருவதில்லை என்று அதில் குறிப்பிட்டார்.

அவர் சொன்னதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு எதிர்பாராத வழியில் உறுதிப்படுத்தியது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்க அணுவின் அளவு வெகுவாகக் கூடியது. 1963இல் திறந்தவெளிச் சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்த பிறகு, அந்த அளவு ஆண்டுதோறும் குறைந்துவந்தது. காற்றிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து உணவுக்கும், உணவிலிருந்து நம் உடலுக்கும் அந்தக் கார்பன் வருகிறது. ஆகவே உடலில் ஒரு திசு எந்த ஆண்டில் உருவானதோ, அந்த ஆண்டின் கார்பன்-14 அளவு அதில் பதிந்திருக்கும். பிறந்த தேதி அச்சிட்டதுபோல!

டென்மார்க் ஆய்வாளர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்களின் முழங்கால் குருத்தெலும்பை எடுத்து, கொலாஜனில் இருந்த கார்பன்-14ஐ அளந்தார்கள். வயது முதிர்ந்தவர்களின் கொலாஜனிலும் அவர்கள் வளர்ந்துவந்த காலத்தின் அடையாளமே இருந்தது. மூட்டுத் தேய்மான நோய் வந்தவர்களிடமும் அப்படியே. சர்க்கரைப் புரதப் பகுதி ஓரளவு புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் கொலாஜன் சட்டகம் வளர்பருவத்துக்குப் பிறகு ஏறத்தாழப் புதுப்பிக்கப்படுவதே இல்லை.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். உங்கள் தாத்தா இன்று எந்தக் குருத்தெலும்பின் மேல் நடக்கிறாரோ, அதன் நார்கள் அவர் உங்கள் வயதில் இருந்தபோது கட்டப்பட்டவை. நீங்கள் எழுபது வயதில் நடக்கப்போகும் குருத்தெலும்பு இப்போது உங்கள் முழங்காலில் உருவாகிக்கொண்டிருக்கிறது.

மருத்துவம் செய்வது என்ன?

அடிபட்ட இடத்துக்கு இரத்தத்தை வரவழைத்தால் என்ன? 1980களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் இப்படித்தான் எண்ணினார். குருத்தெலும்பு தேய்ந்த இடத்தில், அடியிலுள்ள எலும்பில் சிறுசிறு துளைகள் போட்டார். எலும்புக்குள்ளிருந்து இரத்தமும் செல்களும் கசிந்து வந்து, பள்ளத்தில் புதிய திசு வளர்ந்தது. பலருக்கு வலியும் குறைந்தது.

ஆனால் வளர்ந்தது எந்த வகை? அங்கே இருக்க வேண்டியது கண்ணாடிக் குருத்தெலும்பு. வளர்ந்ததோ பெரும்பாலும் நார்க் குருத்தெலும்பு. இடைத்தட்டில் நன்றாக உழைக்கும் அதே திசு, உராய்வின்றி வழுக்க வேண்டிய மூட்டுப் பரப்புக்குப் பொருத்தமானதல்ல. ஆகவே சில ஆண்டுகளில் அது தளர்ந்து தேய்ந்துவிடக்கூடும். மூன்று வகைகளுக்கும் இடையிலான வேறுபாடு பாடநூலோடு முடிந்துவிடுவதில்லை என்பது இப்போது புரிகிறதா?

1994இல் சுவீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள் வேறொரு வழியை வெளியிட்டார்கள். நோயாளியின் முழங்காலிலேயே எடை அதிகம் படாத இடத்திலிருந்து சிறிது குருத்தெலும்பை எடுத்து, அதன் செல்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, சில வாரங்கள் கழித்துப் பழுதான இடத்தில் வைத்தார்கள். 23 பேருக்குச் செய்த அந்தச் சிகிச்சையில், பலருக்குக் கண்ணாடிக் குருத்தெலும்பைப் போன்ற திசு வளர்ந்தது. இம்முறை இன்று மேலும் திருத்தப்பட்டுப் பயன்படுகிறது. எனினும் அது சிறிய காயங்களுக்கே ஏற்றது. முழு மூட்டும் தேய்ந்தவருக்குச் செயற்கை மூட்டுதான் வழி.

உங்கள் கையில் இருப்பவை

குருத்தெலும்பைக் காப்பதற்காக விளையாடாமல் இருக்க வேண்டியதில்லை. உண்மை அதற்கு நேர்மாறானது. இரத்தம் இல்லாத அந்தத் திசுவுக்கு அசைவே உணவு தருகிறது. கடற்பஞ்சை அழுத்தி விட்டால் தண்ணீர் வெளியேறி மீண்டும் ஊறுவதுபோல, நாம் நடக்கும்போதும் ஓடும்போதும் மூட்டுத் திரவம் குருத்தெலும்புக்குள் போய் வருகிறது. நெடுநாள் அசையாமல் கிடப்பவர்களின் மூட்டுக் குருத்தெலும்பு மெலிவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே ஓடுங்கள், பூப்பந்து ஆடுங்கள். விளையாடும் முன் உடலைச் சூடேற்றுங்கள். தொடைத் தசைகளை வலுப்படுத்துங்கள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல், மடக்கி இறங்கப் பழகுங்கள். உடல் எடையை அளவோடு வைத்திருங்கள்.

அடிபட்டால் என்ன செய்வது? நம் வீடுகளில் கணுக்காலோ மணிக்கட்டோ வீங்கினால் ‘சுளுக்குத்தான்’ என்று எண்ணெய் தடவி உருவி விடுவது வழக்கம். வளரும் பிள்ளைகளுக்கு இது ஆபத்தாகலாம். உங்கள் வயதில் எலும்புகளை இணைக்கும் தசைநாரைவிட வளர்ச்சித் தட்டு பலம் குறைந்தது. பெரியவருக்குச் சுளுக்காக முடியும் அதே அடி, உங்களுக்கு வளர்ச்சித் தட்டின் முறிவாக இருக்கக்கூடும். கவனிக்காமல் விட்டால் அந்த எலும்பு குட்டையாகவோ கோணலாகவோ வளரலாம். ஆகவே வீக்கம் இருந்தால் உருவி விடும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று: எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. முழங்கால் படத்தில் இரு எலும்புகளுக்கு நடுவே வெற்றிடம்போல் தெரிவதுதான் அதன் இடம். எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகும் முழங்கால் வீங்கினாலோ, பாதியில் சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, அதை மருத்துவரிடம் மறுபடியும் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. படத்தில்தான் மெனிஸ்கஸ் கிழிசல் தெரியும். அடுத்த வாரம் போட்டி இருக்கிறது என்பதற்காக வலியை மறைத்து ஆடுவது வீரமல்ல.

தோல் உரிந்தால் வளரும். எலும்பு முறிந்தால் கூடும். மூட்டுக் குருத்தெலும்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. அடுத்த முறை திருக்கை மீனையோ கோழிக்காலையோ கடிக்கும்போது, அந்த வழுவழுப்பான முனையை ஒரு கணம் விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் முழங்காலுக்குள் இருப்பதும் அதுபோன்றதுதான். வாழ்நாள் முழுவதற்கும் அது ஒன்றுதான்.

நினைவில் நிறுத்துங்கள்

கண்ணாடிக் குருத்தெலும்பு: மூக்கு, மூச்சுக்குழாய், விலா முனை, வளர்ச்சித் தட்டு, மூட்டுப் பரப்பு. வழுவழுப்பானது.

மீள் குருத்தெலும்பு: காது மடல், குரல்வளை மூடி. மடக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

நார்க் குருத்தெலும்பு: முதுகெலும்பு இடைத்தட்டு, மெனிஸ்கஸ். அழுத்தத்தையும் இழுப்பையும் தாங்கும்.